சுதந்திரப் படையின் சனிக்கிழமைத் தீர்மானம்

மார்ச் 6, திங்கள்

பள்ளிப் பேருந்தின் வைப்பர் மறுபடி மக்கர். பனியில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் வெர்ல் வாசலில் குந்தி பிக்கப் வண்டியின் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். இன்றிலிருந்து வண்டி சுதந்திரம் அடைந்துவிட்டதாம். அரசாங்கத்தின் எண்ணை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கர்னல் கேட்டாராம்.

கர்னல் என்றால் ராய்ஸ் டில்மன். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஊரில் மெத்தைக் கடை வைத்திருந்தார். வரி கட்டவில்லை என்று கவுண்டி அலுவலகம், அதாவது மாவட்ட அலுவலகம், கடையைப் பூட்டிய மறுவாரம் கர்னல் ஆகிவிட்டார். என் வீட்டுக்காரரையும் சேர்த்து ஏழு பேர் அவருடைய சுதந்திரப் படை. பாதிப் பேருக்கு முழங்கால் மடங்காது. கவுண்டி அலுவலகத்தின் படியை மிதிப்பதில்லை என்று ஆறு வருஷமாகச் சபதம்.

"போலீஸ் புடிச்சா?" என்றேன்.

"புடிக்கட்டும். உன் கார்ல நம்பர் இருக்கட்டும்டி. கடை கண்ணிக்குப் போக ஒண்ணு வேணும்ல."

இவருடைய ரத்த அழுத்த மாத்திரை என் பள்ளிக்கூட வேலையின் இன்ஷூரன்ஸில் வருகிறது. அதுவும் அரசாங்கக் காசுதான் என்று சொன்னால் அழுத்தம் ஏறிவிடும். அதனால் சொல்வதில்லை.

மார்ச் 10, வெள்ளி

கூட்டம் எங்கள் வீட்டில். மான்கறி சில்லிக் குழம்பு ஒரு பெரிய பானை, சோள ரொட்டி இரண்டு தட்டு. எல்லாம் காலி.

அரசாங்கமே கூடாது என்று கூடுகிறவர்களுக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு ஒழுங்கு நடவடிக்கைக் குழு. மாதச் சந்தா உண்டு. தாமதித்தால் அபராதம் உண்டு. போன கூட்டத்துக்கு ஆர்லோ வரவில்லை, மாடு கன்று போட்டுவிட்டது. முன் அனுமதி ஏன் வாங்கவில்லை என்று கர்னல் விளக்கம் கேட்டார். பாவம், அந்த மனுஷன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி, "மாடு முன்னாடியே சொல்லலீங்க கர்னல்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டெடுப்பு நடத்தி அபராதம் போட்டார்கள். நான் சமையலறையில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 15, புதன்

பிளேட் இல்லாத கர்னலின் வண்டியைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கர்னல் நடுரோட்டில் படுத்துக்கொண்டார். பின்னால் என் பஸ். பிள்ளைகள் முழுக்க ஜன்னலில். எட்டு வயது ஒன்று, "தாத்தாவுக்குத் தூக்கம் வந்துருச்சா?" என்று உரக்கக் கேட்டது. அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து எங்களைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

கூட்டம் கர்னலின் கொட்டகையில். பெண்களுக்கு அனுமதியில்லை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

வெர்ல் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 25, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் வழக்கம்போல, வீட்டில் பிராணி வளர்க்கிற முயல் சங்கத்துப் பிள்ளைகளைக் கவுண்டி அலுவலகத்தில் இறக்கிவிட்டு வந்தேன். சனிக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும். அடித்தளத்து ஹாலை மட்டும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவார்கள். முயல், கோழி, ஆட்டுக்குட்டி என்று ஒரே கத்தல்.

வீட்டில் வெர்ல் காப்பி போட்டு வைத்திருந்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இவர் போட்ட காப்பியை விரல்விட்டு எண்ணலாம். உட்காரச் சொல்லிவிட்டுத் திட்டம் முழுவதையும் சொன்னார். ஏப்ரல் பதினைந்து, காலை பத்து மணி. வரி கட்டும் கடைசி நாள், அதனால் அந்த நாளாம். வெடிமருந்து எல்லாம் கர்னலின் கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால். போகிற வண்டி செயலாளருடையது. கொட்டகைச் சாவி தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திரும்ப ஒரு தடவை சொன்னார். "கேக்குறியா லோரீன்?" என்றார்.

"எதைங்க வெடி வச்சுத் தகர்க்கப் போறீங்க?"

"கவுண்டி ஆபீஸ. கட்டடம் மட்டுந்தான். சனிக்கிழமை, உள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

ஆறு வருஷமாக அந்த வாசலை மிதிக்காத ஏழு மேதாவிகள். உள்ளே யார் இருப்பார்கள் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? வரி கட்டியிருந்தால் அதுவாவது தெரிந்திருக்கும்: பதினைந்து சனிக்கிழமையில் வந்தால் கடைசி நாள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகும். நாளும் தப்பு, இடமும் தப்பு.

"பிள்ளைங்க இருக்கும்யா," என்றேன். "இருபது பிள்ளைங்க. நான்தான் கொண்டுபோய் விடுறேன். சனிக்கிழமை சனிக்கிழமை நான் எங்க போறேன்னு நெனச்சீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் சொல்கிறேன் என்றார்.

ஏப்ரல் 1, சனி

நேற்று கூட்டத்தில் சொன்னாராம். நடந்ததைக் கேட்டால் இன்றைய தேதிக்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் நடந்தது.

நிறைவேறிய தீர்மானத்தை மாற்ற ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் வேண்டுமாம். முதலில் வழிமொழிய ஒரு ஆள் வேண்டுமாம். வழிமொழிய யாரும் எழுந்திருக்கவில்லை. ஆர்லோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கர்னல், "அரசாங்கக் கட்டடத்துக்குப் பிள்ளைய அனுப்புறவன் அதை யோசிச்சிருக்கணும்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அடுத்த விஷயம், படைக்குப் புதுத் தொப்பி.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல..."

"எந்த விதியும் எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு ஆறு வருஷமா இந்த மேசையில உக்காந்து என் சில்லியத் தின்னீங்களேய்யா, இப்ப எங்கேருந்து வந்துச்சு விதி?"

கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றார். இந்த மனுஷனையா நான் கட்டிக்கொண்டேன்? தெரு நாய்க்கு அடிபட்டாலே தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகிறது இவருக்கு?

போலீசில் சொன்னால் இவரும் உள்ளே போவார். சொல்லாமல் இருந்தால்? அந்த "இருந்தால்" என்பதை எழுதக்கூட முடியவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பஸ் டிப்போவிலிருந்து மத்தியப் போலீசுக்குக் கூப்பிட்டேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, ஸ்பானிஷுக்கு இரண்டை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். பிறகு பாட்டு. அதே பாட்டு திரும்பத் திரும்ப. அரசாங்கத்தைப் பற்றி இவர் சொல்வதில் பாதி உண்மைதான் என்று அப்போது தோன்றியது. கடைசியில் ஒரு சின்னப் பெண் குரல். எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, வைக்கோல், சாவி, வண்டி, நேரம். "இவ்வளவு விவரமா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள்.

"என் வீட்டுக்காரர் அதுல ஒருத்தர்" என்று சொல்லிவிட்டு டிப்போ கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் காத்திருந்தாள். நல்ல பெண்.

ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த டூனா மீன் கேசரோல் செய்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டார். எனக்கு இறங்கவில்லை.

ஏப்ரல் 13, வியாழன்

விடியும்போது வந்தார்கள். வெர்ல் கையைத் தூக்கிக்கொண்டு தானாகவே வாசலுக்குப் போனார். "மாத்திரை" என்று திரும்பிச் சொன்னார். டப்பாவை எடுத்து ஒரு போலீஸ்காரன் கையில் கொடுத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்லி அனுப்பினேன், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புவது மாதிரி.

கர்னல் மெத்தைக்கு அடியில் ஒளிந்திருந்தாராம். விற்காமல் மீந்த மெத்தை.

ஏப்ரல் 15, சனி

பிள்ளைகளை இறக்கிவிட்டேன். ஒரு முயல் சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. பிடிக்கக் குனிந்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "லோரீன் மிஸ், முயல் கடிச்சிருச்சா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஜூன் 20, செவ்வாய்

கோர்ட். இந்தக் கோர்ட் என்னைக் கட்டுப்படுத்தாது, நீதிபதியை நான் ஏற்கவில்லை என்று கர்னல் முழங்கினார். அடுத்த மூச்சில் இலவச வக்கீல் வேண்டும் என்றார். கொடுத்த வக்கீல் சரியில்லை, வேறு நல்ல இலவச வக்கீல் வேண்டும் என்றார்.

வெர்ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாலு வருஷம். என் பக்கம் திரும்பவே இல்லை. தெரிந்துவிட்டதோ?

நவம்பர் 12, ஞாயிறு

முதல் தடவையாகப் பார்க்கப் போனேன். ஜெயில் ஐந்து மணி நேரத் தூரம். ஆள் ஒரு சுற்றுப் பருத்திருக்கிறார். அரசாங்க டாக்டரிடம் போகமாட்டேன் என்று வருஷக்கணக்கில் பல்வலியோடு திரிந்தவர், உள்ளே போய் அரசாங்கச் செலவில் பல் கட்டிக்கொண்டிருக்கிறார். சிரித்துக் காட்டினார். வரிசையாக இருக்கிறது.

"காட்டிக் கொடுத்தது யாருன்னு கர்னல் செயலாளர சந்தேகப்படுறாரு. செயலாளர் கர்னலச் சொல்றான்."

நான் மேசையைப் பார்த்தேன்.

"நீதானே?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க."

"எடம், நாளு, சாவி, வண்டி... எல்லாத்தையும் உங்கிட்ட எதுக்கு ரெண்டு தடவ சொன்னேன்னு நெனச்சே?"

அந்தச் சனிக்கிழமை இவர் போட்டு வைத்த காப்பி ஞாபகத்துக்கு வந்தது.

"நீங்களே போன் பண்ணியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சு. நீ பண்ணுவேன்னு தெரியும்."

எவனும் எனக்கு எஜமான் இல்லை என்று மார்தட்டிய மனுஷன், எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறார். ஏழு மாதம். கட்டின புருஷனைப் பிடித்துக்கொடுத்த பாவி என்று ஏழு மாதம் நான் தூங்கவில்லை. வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம். கோழை, பேடி, ஒரு தொப்பிக்கு விலைபோனவன் என்று அத்தனை பேர் நடுவில் திட்டினேன். காவலர் வந்து "மெதுவாம்மா" என்றார். "நீங்க போங்க, இது குடும்ப விஷயம்" என்றேன். வெர்ல் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்தப் புதுப் பல்லை ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

நேரம் முடிந்தது என்று எழுப்பிவிட்டார்கள். பாதிகூடத் திட்டி முடிக்கவில்லை. வெளியே வருகிற வழியில் அடுத்த மாதத்துக்கும் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன்.