பேர்கனில் குடித்த தண்ணீர்

அண்ணை,

தம்பி பேர்கனிலிருந்து அனுப்பிய பார்சலை இன்று காலை பிரித்தேன். நோர்வேக் கருவாடு. வின்டர்தூர் வீடு முழுக்கக் கடல் மணம் ஏறிவிட்டது. மேல்மாடிச் சுவிஸ்காரி யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் இதைச் சமைக்க மனம் வரவில்லை. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே; நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எண்பதுகளில், அகதிகளுக்குக் குடுக்கிற பயணப் புத்தகம் நம் கைக்கு வந்த கோடையில் அல்லவா அங்கே போனோம். ரயிலில் பலகை வாசித்தது நீங்கள். வந்த வழியை மனதில் பதித்தது நான். இறங்கினால் மழை. துறைமுகத்தோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பழங்காலத்து மரவீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி. நீங்கள் நனைந்துகொண்டே நின்று பார்த்தீர்கள்.

"இவ்வளவு சரிஞ்சும் விழேல்லைப் பாரடா. பக்கத்து வீடு தாங்குது."

எனக்கு வீடு பார்க்கிற மனம் இல்லை. சித்தப்பாவின் மகன், இந்தத் தம்பியின் வீட்டுக்கல்லவா போய்க்கொண்டிருந்தோம். ஊரில் ஐயாவும் சித்தப்பாவும் எல்லை வேலிக்காகச் சண்டைப்பட்டு, "அவன்ரை வழியிலை ஒருத்தற்றை வீட்டிலையும் என்ரை பிள்ளையள் செம்புத் தண்ணியும் குடியாதுகள்" என்று ஐயா கோயில் வாசலில் வைத்துச் சொன்னவர். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. ஆனால் தம்பி டெலிபோனில் கூப்பிட்டதும் நீங்கள் யோசிக்காமல் "வாறம்" என்றுவிட்டீர்கள்.

தம்பி கதவைத் திறந்தான். பின்னால் அவன் மனைவி வெறுங்கையோடு நின்றாள். இருக்கச் சொன்னார்கள். தேத்தண்ணி வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. நாங்கள் வேண்டாம் என்றுவிட்டால் அவமானம் என்ற பயத்தில் ஒன்றையுமே நீட்டவில்லை. மழையைப் பற்றிக் கதைத்தோம். கதையும் முடிந்தது.

"பிள்ளை, நனைஞ்சு வந்த மனிசருக்கு ஒரு கிளாஸ் தண்ணி தரமாட்டியளோ? இந்த ஊரிலையோ தண்ணிக்குப் பஞ்சம்?" என்று கேட்டீர்கள்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்தபடி, "இல்லை அண்ணை, பெரியப்பா சொன்னது..." என்று இழுத்தான்.

"அது ஊர் வேலிக்குச் சொன்னது. இஞ்சை எங்கையடா வேலி?"

அவள் கொண்டுவந்து தந்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டுக் கிளாஸை என்னிடம் நீட்டினீர்கள். "ஐயாவுக்கு நான் பதில் சொல்லுறன். நீ குடி."

குடித்தேன். அவள் குசினிக்குள் ஓடினாள். அழப் போகிறாளோ என்று பார்த்தால், விடியவே சமைத்து மூடி ஒளித்து வைத்திருந்த மீன்குழம்பை அடுப்பில் ஏற்றுகிறாள்.

ஐயாவுக்கு நீங்களேதான் சொன்னீர்கள். அவர் நெடுநாள் உங்களோடு கதைக்கவில்லை. ஒருநாளும் அதை நீங்கள் தம்பிக்குக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த மனிதர்களில் அப்படி ஒரு நெஞ்சு வேறு யாருக்கும் இருக்கவில்லை, அண்ணை.

உங்கள் செத்தவீட்டுக்கு, இங்கே பக்கத்து ஊரான ஊஸ்டரில் இருக்கிற சொந்தக்காரர்கள் வந்து சேருமுன் பேர்கனிலிருந்து தம்பி வந்துவிட்டான். உங்கள் காலடியில் கொஞ்சநேரம் நின்றான். பிறகு நேரே நம் குசினிக்குள் போய், யாரையும் கேட்காமல், தானே கிளாஸ் எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தான்.

அந்தக் கிளாஸை நான் கழுவி வைத்திருக்கிறேன். இன்றைக்குக் கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் அதைத்தான் வைப்பேன்.