தட்டில் எழுதிய பெயர்

ஃபயென்ஸா, ஞாயிறு மாலை

அன்புள்ள ஜினெவ்ரா,

நீ சுகம்தானே? இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன். எங்கள் ஓடு செய்யும் ஆலைக்கு இன்று விடுமுறை. பொழுது போகாமல் இங்குள்ள பீங்கான் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அந்தக் காலத்தில் காதலியின் முகத்தைத் தட்டில் வரைந்து, பெயரோடு 'அழகி' என்றும் எழுதிக் கொடுப்பார்களே, அப்படி ஒன்றில் உன் பெயர் இருந்தது. முகம் உன்னுடையது இல்லை, மூக்கு நீளம். ஆனாலும் மூடும் நேரம் வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

காவலுக்கு இருந்த ஓரியெல்லா அம்மாள் வந்து, "என்னப்பா, அவளையே பாத்துக்கிட்டு நிக்கிற? ஐந்நூறு வருஷமா வாய் திறக்காதவ, உங்கிட்டயா பேசப்போறா?" என்றாள்.

"என் பொண்டாட்டி பேருங்க."

"அப்ப இங்க என்ன பண்ற? வீட்டுக்குப் போ" என்று விளக்கை அணைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

வேறொன்றுமில்லை, அடுப்பில் பாஸ்தா பொங்குகிறது. அறையில் தட்டு கிடையாது, சட்டியோடுதான் சாப்பிடுகிறேன். நம் வீட்டில் விளிம்பு உடைந்த நீலத் தட்டு இருக்குமே, அதை என் பழைய ஸ்வெட்டரில் சுற்றித் தபாலில் அனுப்பு.

வேண்டாம், வழியில் உடைந்துவிடும். நீயே கொண்டு வா.

உன்,
சாவெரியோ