சிங்கிள் கெப் வாங்குறதுக்கு முன்னால

ஜெரோமி அப்பாவுக்கு,

நானும் ஜெரோமியும் ஸ்கூலுக்குப் போயிட்டோம். ரொட்டியும் கட்டச் சம்பலும் அடுப்புக்குப் பக்கத்துல மூடி வெச்சிருக்கேன். பத்து மணிக்கு புரோக்கர் அந்த சிங்கிள் கெப் வண்டியக் கொண்டு வருவாரு.

பின்பெட்டி நீளமா இருந்தா லீக்ஸ் மூட்டை எல்லாம் ஒரே நடையில நுவரெலியா மார்க்கட்டுக்குப் போயிரும்னு சொல்றீங்க. சரி. முன்னால இருக்குற ஒரே சீட்டுல நீங்க, உங்க அம்மா, அவங்க மடியில ஜெரோமி. நான்? "அவ பின்னால ஏறிக்குவா, அவளுக்குப் பழக்கம்தானே"ன்னு நேத்து புரோக்கர்கிட்ட சொன்னீங்க. நான் அவருக்கு டீ ஊத்திக்கிட்டு நின்னேன்.

டபுள் கெப்னா உள்ளுக்கே ரெண்டு வரிசை சீட்டு, பெட்டி கட்டையாத்தான் இருக்கும். மூட்டைய ரெண்டு நடையா கொண்டு போகலாம். பழைய கெப்புல மழையில பின்னால வந்து, நனஞ்ச சேலையோட சர்ச்சுல பூசையில நின்னது எனக்குப் போதும்.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னால ஒண்ணு செய்யுங்க. புரோக்கர ஓட்டச் சொல்லிட்டு, நீங்க பின்னால ஏறி நானுஓயா வரைக்கும் போயிட்டு வாங்க. அதுக்கப்புறம் எது வேணும்னாலும் வாங்குங்க.

டிலுக்ஷி

பி.கு: பின்னால ரொம்பக் குளிரும். நான் போடுற ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால தொங்குது, எடுத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை நனஞ்சது, இன்னும் காயல.