மரகதகேசரியின் பின்பாதி

பொந்தியான்,
5-2-1934

சௌபாக்கியவதி சந்திரமதிக்கு,

இவ்விடம் நான் சுகம், கோழிகளும் சுகம். அவ்விடம் நீயும் மாமாவும் சுகந்தானா என்று இரண்டு வரி எழுதிப் போட உனக்குக் கை வரவில்லை. போகட்டும், நானே எழுதுகிறேன். இதைச் சமாதானக் கடிதம் என்று நினைத்துவிடாதே. ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு தெப்ராவுக்கு பஸ் ஏறியபோது ‘மரகதகேசரி அல்லது பாதாளச் சிறையின் மர்மம்’ புத்தகத்தின் பின்பாதியைத் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய்விட்டாய். ‘பாலரும் வாலிபரும் படிக்கத்தக்க நவீனம்’ என்று அட்டையில் போட்டிருக்கிறார்களே, அந்த அட்டையும் முன்பாதியும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் புத்தகத்தின் கடைசியில் ஓர் அரும்பத விளக்கம் உண்டல்லவா? கடினமான சொற்களுக்கெல்லாம் பொருள் போட்டிருப்பானே, அது உன் பாதியில் மாட்டிக்கொண்டது.

லயத்து வரிசைவீட்டு ஜனங்களை உனக்குத் தெரியாததா? ரப்பர்ப் பால்வெட்டு முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, சாயங்காலம் கதை கேட்க நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தால் ஒரு சொல்லை விடமாட்டார்கள். “கிராணி, அதுக்கு என்னா அர்த்தம்?” என்று அர்ச்சுனன் கங்காணி கை தூக்கினால் பொருள் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருப்பவன் தெரியாது என்று சொன்னால் மறுநாள் எவன் மதிப்பான்?

ஆகையால் பின்பாதியை பஸ் ஓட்டுகிற தங்கராஜுவிடம் கொடுத்தனுப்பு. முடியாவிட்டால் அந்தகாரம், மந்தகாசம், பச்சாத்தாபம் ஆகிய மூன்றுக்காவது பொருள் எழுது. மாமாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
சபாபதி,
சின்னக் கிராணி


தெப்ராவ்,
12-2-1934

அன்புள்ள கிராணி ஐயா அவர்களுக்கு,

தங்கள் காரியக் கடிதம் கிடைத்தது. கோழிகள் சுகம் என்றறிந்து சந்தோஷம். முட்டையிடும் கறுப்புக் கோழிக்கு உடைந்த அரிசி போடுகிறீர்களா, இல்லை அதற்கும் பொருள் எழுதியனுப்ப வேண்டுமா?

பின்பாதியை அனுப்ப மாட்டேன். அது கிழிந்த கதை தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. தங்களுக்குப் பல்வலி, கன்னம் தேங்காய் போல வீங்கிக் கிடந்தது. “இன்னிக்கு அம்மா படிக்கட்டுமே” என்று லயத்துக் காளியம்மா என்னைக் காட்டிச் சொன்னாள். படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ‘இதிகர்த்தவ்யதாமூடனாய்’ என்ற ஒரே சொல்லில் நாக்குத் தடுக்கியது. வீங்கிய கன்னத்தோடு தாங்கள் சிரித்தீர்கள். “அடுப்பு ஊதற வாய்க்கு இதெல்லாம் ஏறுமா?” என்றீர்கள். அத்தனை பேருக்கு முன்னால். பிறகு புத்தகத்தைப் பிடித்து இழுத்தீர்கள். நான் விடவில்லை.

அந்தகாரம் என்றால் இருட்டு. மந்தகாசம் என்றால் புன்சிரிப்பு. அன்று தாங்கள் சிரித்தது மந்தகாசம் அல்ல, அட்டகாசம். அதற்கும் இங்கே பொருள் போட்டிருக்கிறது: உரத்த சிரிப்பு. இது கேட்காமலே இனாம்.

பச்சாத்தாபத்துக்குப் பொருள் சொல்ல மாட்டேன். அந்த வரியைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அது தாங்களே தெரிந்துகொள்ள வேண்டிய சொல்.

அப்பாவுக்கு இந்தச் சண்டையில் நல்ல லாபம். நான் சமைக்கிறேன் அல்லவா? “மாப்பிள்ள இன்னும் கொஞ்ச நாள் ரோஷமா இருக்கட்டும்” என்கிறார்.

இப்படிக்கு,
அடுப்பு ஊதுகிற வாய்,
சந்திரமதி


பொந்தியான்,
25-2-1934

சந்திரமதிக்கு,

உன் பிடிவாதத்தால் இங்கே என் மானம் லயம் முழுக்கப் பறக்கிறது. நடந்ததைக் கேள்.

பத்தாம் அத்தியாயத்தில் ‘மரகதகேசரி பச்சாத்தாபத்தினால் உறக்கமின்றி, அன்னம் இறங்காமல், பாயிற் புரண்டான்’ என்று வந்தது. கங்காணி கையைத் தூக்கிவிட்டான். உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை, புரளுகிறான் என்றால் நீயே சொல், அது என்னவாக இருக்கும்? “வயிற்று நோவு, செரிமானக் கோளாறு” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். எல்லாரும் ‘ஆ’ என்று தலையாட்டினார்கள். அதோடு விட்டார்களா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். “என்னா?” என்றால், “பச்சாத்தாபம் ஐயா, மரம் வெட்ட முடியாது.” சும்மா வயிற்றுவலி என்றால் துரை நம்பமாட்டாராம், புத்தகத்தில் உள்ள வியாதி என்றால் லீவு கிடைக்குமாம். எல்லாரையும் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசரிடம் ஓட்டினேன். அவர்தான் யாழ்ப்பாணத்தில் படித்த மனிதராயிற்றே! முதல் ஆளாகப் போன ராசம்மாவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “பச்சாத்தாபமோ? அப்ப நீர் என்ன பாவம் செய்தனீர்?” என்று கேட்டாராம். “பாவம் ஒண்ணும் செய்யலீங்க, ராத்திரி பலாக்கொட்டை தின்னேன்” என்றாளாம். அவளுக்கும் பின்னால் நின்றவர்களுக்கும் எல்லாருக்கும் விளக்கெண்ணெய்.

அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று டிரசரிடம் போய்க் கேட்க எனக்கு வெட்கம். அவரோ என்னைக் கண்டால் மீசைக்குள் சிரிக்கிறார். விளக்கெண்ணெய் குடித்தவர்கள் சிரிக்கவும் இல்லை.

இதற்கு நடுவே முன்பாதி முடிந்துவிட்டது. அதன் கடைசி வரியைக் கேள்: ‘குகையின் அந்தகாரத்தில் முதலை வாயைப் பிளந்தது. மரகதகேசரி வாளை உருவினான். உடனே அவன்’. அவ்வளவுதான், அதற்கு மேல் கிழிசல். வெட்டினான் என்று கங்காணி தன் சண்டைச் சேவலைப் பந்தயம் வைத்திருக்கிறான். “வெட்டல லா, முதுகுல ஏறி சவாரி போயிட்டான்” என்று காளியம்மா தன் வாத்தை வைத்திருக்கிறாள். தினம் சாயங்காலம் வந்து, “உடனே அவன்?” என்று கேட்கிறார்கள். உடனே அவன் என்ன செய்தான், சந்திரா? ஒரு வரி எழுது.

அந்த நீளமான சொல்லுக்கும், அதுதான் நீ தடுக்கிய சொல்லுக்கும், பொருள் எழுது. அச்சுக்கோத்தவன் பிழையாகக் கோத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்.

இப்படிக்கு,
சபாபதி


தெப்ராவ்,
4-3-1934

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பலாக்கொட்டை வரும் இடத்தில் அவருக்குப் புரையேறி, முதுகில் நாலு தட்டுத் தட்ட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுச் செல்லம் இரண்டாம் தரம் கேட்க வந்தாள்.

அச்சுக்கோத்தவன் மேல் பழி போடாதீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ‘இதிகர்த்தவ்யதாமூடன்’ என்றால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்து நிற்பவன். முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள், படமும் தெரியும்.

ஒன்று சொல்கிறேன். அன்று நான் தடுக்கியபோது நீங்கள் சிரித்தீர்களே தவிர, அந்தச் சொல்லை நீங்களும் சொல்லிக் காட்டவில்லை. யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

இங்கே சாயங்காலம் செல்லமும் இன்னும் நாலைந்து பெண்களும் வருகிறார்கள். பின்பாதியைப் படிக்கிறேன். தலையும் தெரியாமல் வாலை மட்டும் கேட்கிறார்கள் பாவம். குகைக் கிழவி யார், மோதிரம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது, நடுவில் நாலைந்து அத்தியாயம் நான் படித்ததே இல்லை. ஆனாலும் தடுக்கினால் ஒருத்தியும் சிரிப்பதில்லை. “மெதுவாச் சொல்லு, நாங்க எங்க ஓடப் போறோம்?” என்கிறாள் செல்லம். அரும்பத விளக்கம் முழுவதையும் உலை கொதிக்கிற நேரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டேதான். வாய்க்கு ஏறத்தான் செய்கிறது.

என்னை நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அன்று அழுதேன். அப்புறம் நீங்கள் வாசிப்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு, பகலில் யாரும் இல்லாதபோது அந்தப் பக்கங்களைத் தடவித் தடவிப் படித்தேன். காளியம்மா கூப்பிட்ட அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு ரொம்ப வலித்தது. கோபம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள், அது கோபம் மட்டும் இல்லை.

மரகதகேசரி உடனே என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். சேவலும் வாத்தும் பத்திரமாக இருக்கட்டும். வாசிப்பவள் உட்கார இடம் உண்டென்றால்தான் நான் வருவேன். கதவுக்குப் பின்னால் நிற்க இனி வரமாட்டேன்.

இப்படிக்கு,
சந்திரமதி


பொந்தியான்,
11-3-1934

என் சந்திராவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் எல்லாரும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார்கள். வாசிக்கும்போது உட்காருவேனே, அந்த மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் நான் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தேன். “சேவல் எனக்கா, வாத்து அவனுக்கா?” என்றாள் காளியம்மா. இரண்டும் இல்லை, இன்றைக்கு ஒரே சொல்தான் வாசிப்பு என்று சொல்லி, இதிகர்த்தவ்யதாமூடனை எல்லார் முன்னாலும் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை ‘இதிகர்’ரோடு நின்றது. அடுத்த தடவை ‘தவ்’வில் விழுந்தேன். அப்புறம் எனக்கே தெரியாத ஏதோ ஒரு பாஷையில் முடிந்தது.

சிரித்தார்கள் பார். விளக்கெண்ணெய் குடித்தவர்கள் கடனைத் தீர்ப்பது போலச் சிரித்தார்கள். கங்காணி மண்ணில் உருண்டான். நான் காது சிவக்க உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. நீ பஸ் ஏறினாய். நான் போக இடமில்லை, இது என் வீடு.

மற்றதையும் சொல்லிவிட்டேன். நான் சொன்ன பொருளில் பாதி என் மண்டையில் உதித்தது, சரியான பொருள் அம்மாவிடம்தான் இருக்கிறது என்றேன். “அது எங்களுக்கு எண்ணெய் குடிச்ச அன்னிக்கே தெரியும்” என்றாள் ராசம்மா. “அம்மா எப்ப வருவாங்க, அதச் சொல்லுங்க.”

அதைச் சொல்ல வேண்டியவள் நீ. ஆகவே முன்பாதியை அட்டையோடு தங்கராஜுவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குகைக் கிழவி யார் என்று இனி உனக்குத் தெரிந்துவிடும். இப்போது புத்தகம் முழுதும் உன் கையில். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது உன்னுடையது. “அலமாக்! இருந்த பாதியையும் அனுப்பிட்டீங்களா?” என்று காளியம்மா என்னை அடிக்க வந்துவிட்டாள்.

பெட்டி வாசலில் காலியாக இருக்கிறது. கோழி ஏறினால் விரட்டுகிறேன்.

இன்னொன்று. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அன்னம் இறங்கவில்லை. பாயில் புரளுகிறேன். பலாக்கொட்டை தின்னவில்லை. டிரசரிடமும் போகவில்லை. நீ கட்டை விரலை எடுத்துவிடலாம், அந்தச் சொல்லுக்குப் பொருள் எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்படிக்கு,
இதிகர்த்தவ்யதாமூடன்
(எழுத வந்துவிட்டது, சொல்ல இன்னும் வரவில்லை)


தெப்ராவ்,
19-3-1934

என் அன்புள்ள உங்களுக்கு,

முன்பாதி வந்து சேர்ந்தது. மழையில் ஓரம் நனைந்திருந்தது, அடுப்பங்கரையில் காயவைத்தேன். இரண்டு பாதியையும் ஒன்றாக அடுக்கிக் கோணி ஊசியால் தைத்துவிட்டேன். தையல் கொஞ்சம் கோணல். இனி நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் பிரியாது.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அப்பாவுக்குத்தான் துக்கம். “மாப்பிள்ளைக்கு ரோஷமே இல்லியா, அதுக்குள்ள எறங்கி வந்துட்டாரே” என்று சலித்துக்கொள்கிறார். நாக்கு ருசி கண்டுவிட்டது. செல்லத்தை வாரம் ஒரு தரம் மீன்குழம்பு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சேவலையும் வாத்தையும் அவரவர் கூட்டில் அடைக்கச் சொல்லுங்கள். பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. வெட்டவும் இல்லை, சவாரி போகவும் இல்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், நான் வந்து வாசிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ‘மரகதகேசரி வாளை உருவினான். உடனே அவன் மூர்ச்சையாய் விழுந்தான்.’ மூர்ச்சை என்றால் மயக்கம். முதலையே திகைத்துப் போய்விட்டதாம்.

சாயங்காலம் பெட்டியைத் துடைத்துப் போடுங்கள். விளக்கை என் வலப்பக்கம் வையுங்கள். நீங்கள் முன்வரிசையில், கங்காணிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அந்த நீளச் சொல் வரும் அத்தியாயத்திலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். தடுக்கினாலும் தடுக்குவேன். சிரிக்க வேண்டிய இடம் வரும்போது நானே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறேன். அப்போது சிரிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்திரமதி