அம்மாவின் கால்விரலும் காதுள்ள அணுக்களும்

சாரம், புதுச்சேரி

அன்பு மகள் மரீனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் வலது கால் இரண்டாம் விரல் மட்டும் இந்தச் சுகத்தில் சேராமல் தனியாக நின்றது. அங்கே பிரான்சில், மோன்பெலியேயில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். போனில் பேசினால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

அந்த விரலில் வந்த சர்க்கரைப் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சிவசங்கரி சொன்ன அன்று நீ உன் ஆராய்ச்சியை எனக்கு விளக்கினாய் அல்லவா, அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. நரம்பு நுனி நியூரோபெப்டைடு என்று ஒரு சின்னப் புரதத் துணுக்கை விடுகிறது, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பி காது மாதிரி இருக்கிறது என்றாய். சர்க்கரை நோயில் நரம்பு நுனிகள் பட்டுப்போனால் அந்தப் பேச்சு குறைந்துவிடும், புண் ஆறுவதும் தாமதமாகும் என்றாய். நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வெறும் சிப்பாயாக, சொல்தாவாக இருந்தவன். அங்கே ஜெனரல் கத்தினாலும் கடைசி வரிசைக்குக் கேட்காது. கண்ணுக்குத் தெரியாத அணு ஒரு நரம்பின் முணுமுணுப்பைக் கேட்டு வேலைக்குக் கிளம்புகிறது என்றால், பூசையில் நற்கருணை தூக்கும்போது குனிவதைப் போலக் குனியத் தோன்றுகிறது.

ஆனால் சொல்தா கையில் விஞ்ஞானம் கிடைத்தால் அது உத்தரவாக மாறிவிடும். அணுக்களுக்குக் காது இருப்பதால் கெட்ட செய்தி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். ஊரில் யார் செத்தாலும் முதலில் வந்து சொல்லும் எதிர்வீட்டுக் குஞ்சம்மாளை வாசலோடு நிறுத்தினேன். கோயிலில் துக்கமணி அடிப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டேன், அவர் உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னை விசாரித்தார். மணி அடிக்கும்போதெல்லாம் அம்மா யாருக்கு என்று கேட்பாள், நான் தெரியாது என்பேன். அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, சர்க்கரை ஏறியது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறைக்காம சொல்லுங்க, என் பொண்ணுக்கு எதனா ஆயிடுச்சா என்று கேட்டாள். நான் உன் பெயரைச் சொல்லி, நன்றாக இருக்கிறாள் என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை. போனில் உன் குரலைக் கேட்ட பிறகும், நீயும் என்னோடு சேர்ந்து எதையோ மறைக்கிறாய் என்றே நினைத்தாள்.

கடைசியில் குஞ்சம்மாளை நானே போய்க் கூட்டிவந்தேன். அவள் வாசலிலேயே, இந்த மனுசன் என்ன உள்ள விட்டிருந்தா எப்பவோ சொல்லிருப்பேன் அக்கா, கடைசியா மணி அடிச்சது ஆந்தனி தாத்தாவுக்கு, கெழம் கல்யாண சாவு, அடக்கத்துல பிரியாணிக்கு சண்டையே நடந்துச்சி என்று ஆரம்பித்தாள். அம்மா நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் ரெண்டு இட்லி வையுங்க என்றாள்.

போன வாரம் டாக்டரிடம் போனோம். முந்தைய தடவை புண்ணின் ஓரத்தில் குத்திப் பார்த்தபோது அம்மா குத்தியது தெரியாமலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை காலை வெடுக்கென்று இழுத்து, வலிக்குது, எடும்மா கைய என்றாள். டாக்டர் மறுபடியும் குத்தினார். வலிக்குதுங்கறேன், திரும்பத் திரும்பக் குத்துறியே, படிச்ச புள்ளதான நீ என்று அம்மா திட்ட, டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, அடியில் சிவப்பாகப் புதுச் சதை வருகிறது, விரல் இருக்கட்டும் என்றார். குஞ்சம்மாளால்தானா என்று கேட்டேன். இன்சுலினும் கட்டும் காலை ஊன்றாமல் இருந்ததும்தான் காரணம், குஞ்சம்மாளை நான் சீட்டில் எழுத முடியாது என்றார். சரிதான். ஆனாலும் உன் அம்மா வலிக்கிறது என்று சொல்ல, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த ஓரத்தில் ஒரு நரம்பு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது, மகளே.

மாதா உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், நெற்றியில் சிலுவை போட்டு அம்மாவும் ஆசீர் அனுப்புகிறாள். ஒன்றை மட்டும் மறக்காதே: உனக்குத் தும்மல் வந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடு. மறைத்தால் இங்கே இவளுக்குச் சர்க்கரை ஏறுகிறது.

என்றும் உன்
அப்பா அல்பேர்