பம்புசெட் குடில்

நவம்பர் 9, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்! பூசை முடிந்து அன்பியக் கூட்டம். பங்கில் பன்னிரண்டு அன்பியம், தெருவுக்குத் தெரு ஒரு குழு, போட்டிக்குப் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் குடில், ஒரே ஒரு கேடயம். இத்தனை வருடமும் எங்கள் தெருவில் ஆண்கள் குடில் கட்டுவார்கள், நாங்கள் பஞ்சைப் பிய்த்துப் பனி தூவுவோம். இன்றைக்கு நான் எழுந்து, "திண்டுக்கல்லுல எவன் பனியப் பாத்தான்?" என்று கேட்டேன்.

"சரிம்மா, வேற என்னதான் செய்யலாங்கிற?" என்றார் பொறுப்பாளர் மரியசெல்வம் மாமா.

சொன்னேன். மாட்டுத்தொழுவம் வேண்டாம், வயக்காட்டுப் பம்புசெட் ரூம். சித்தையன்கோட்டைப் பக்கம் நெல்வயலுக்கு நடுவில் நிற்குமே, ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சுவரில் கரியால் எழுதிய போன் நம்பருமாக, அதேதான். இடம் கிடைக்காத புள்ளத்தாச்சி நம் ஊரில் அங்கேதான் ஒதுங்குவாள். சிறுமலையில் நிஜத் தண்ணீரில் மழை பெய்யும். குளம் நிறையும். மடை தானாகத் திறக்கும். ரூமில் பல்பு எரியும், சேவல் கூவும், விடியும். மொத்தம் ஆறு நிமிடம். எல்லாம் என் புரோகிராமில் நடக்கும்.

முதலில் கை தட்டியது சேவியர். ஒண்ணாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். பன்னிரண்டோடு நிறுத்திவிட்டுக் கிரில் பட்டறை போட்டவன். "இரும்பு வேலை பூராம் என் பொறுப்பு" என்றான். அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நவம்பர் 17, திங்கள்

பகல் முழுக்க ஆபீஸ் வேலை. அமெரிக்காவில் எவனோ இன்சூரன்ஸ் போடும் திரையில் ஒரு பட்டனை இடமிருந்து வலத்துக்கு நகர்த்தினேன். சாயங்காலம் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொன்னார்கள். இதற்கா நாலு வருடம் படித்தேன்?

ஆறு மணிக்குப் பட்டறை. சொட்டுநீர்க் குழாயில் ஊசியால் ஓட்டை போட்டு மீன்தொட்டி மோட்டாரில் இணைத்தோம். மழை! என் கை அளவு மழைதான். சேவியர் அதற்கடியில் தலையைக் காட்டி, "குளிச்சாச்சு, சோப்பக் குடு" என்றான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

அம்மா இரண்டாவது தடவையாகக் கேட்டுவிட்டாள், அவனோடு ஏதாவது உண்டா என்று. இல்லை. சத்தியமாக இல்லை. நான் மனதில் நினைப்பதை இரும்பில் செய்து வைக்கிற ஒருத்தன். அதற்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

சேவியருக்குப் பெண் பார்த்தாயிற்று. தெரேசா அன்பியத்துப் பொறுப்பாளர் ஸ்டான்லியின் மகள் ஆனந்தி. பி.எட். முடித்தவள். திருவருகைக் காலம் ஆரம்பித்துவிட்டதால் கிறிஸ்துமஸ் கழிந்துதான் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பார்கள். தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம்.

"எதிரிப் பாசறையிலயா பொண்ணு எடுக்குற?" என்று கிண்டல் பண்ணினேன். அவன் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. "அவுங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்க ரெஜி" என்றான்.

டிசம்பர் 8, திங்கள்

பட்டறையில் குளத்துக்கான தகரத் தொட்டி இரண்டு இருந்தது. ஏன் இரண்டு என்றேன். "ஒண்ணு கோணிக்கிச்சு" என்றான். எனக்குக் கோணலாகத் தெரியவில்லை. இரும்பில் அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது?

சேவல் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ஒரு தடவை கூவ வேண்டியது, இரண்டு தடவை கூவுகிறது. பல்பு எரியும்போது ஒரு முறை, வானம் வெளுக்கும்போது ஒரு முறை, என் புரோகிராம் இரண்டு இடத்திலிருந்து அதைக் கூப்பிடுகிறது. ஒரு வரியை அழித்தால் போதும். நாளைக்குப் பார்ப்போம்.

டிசம்பர் 16, செவ்வாய்

சென்னை. ஆபீஸில் நான்கு நாள் கட்டாயம் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். நான் இல்லாதபோது மடையை ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று சேவியரிடம் பழைய லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

மீட்டிங் நடுவில் சேவியர் மெசேஜ். "ரெஜி, சேவல் ஒரு தடவ மட்டும் கூவணும்னா எங்க மாத்தணும்?"

எவ்வளவு சந்தோஷம் எனக்கு! கம்ப்யூட்டர் என்றாலே காத தூரம் ஓடுகிறவன், என் சேவலுக்காகக் கேட்கிறான். நூற்றுப் பதினெட்டாவது வரியை அழி என்று படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஊருக்கு வந்து பார்த்தால் எங்கள் சேவல் இன்னமும் இரண்டு தடவைதான் கூவுகிறது. கேட்டால், "விடு ரெஜி, ரெண்டு தடவ கூவுனாத்தான் நல்லாருக்கு" என்கிறான். பிறகு எதற்குக் கேட்டான்? மழைக் குழாய் வேறு ஒழுகுகிறது. சேவலுக்கு நேரமில்லை.

டிசம்பர் 24, புதன்

சாயங்காலம் ஆறரைக்குப் படுதாவை எடுத்தோம். தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. சூசையப்பருக்கு லுங்கி கட்டியிருந்தேன். மாதா கையில் எவர்சில்வர் தூக்கு. மழை விழுந்து மடை திறந்ததும் பிள்ளைகள் "ஓ"வென்று கத்தின. பின்தெரு ஒச்சாயி அக்கா களையெடுத்துவிட்டு வந்த சேலையோடு நின்று முழு ஆறு நிமிடமும் பார்த்தாள். "எங்கூட வேலைக்கு வர்ற புள்ள மாதிரியே இருக்கா உங்க மாதா" என்றாள்.

எனக்குக் கேடயமே வேண்டாம். இது போதும்.

சேவியரைத்தான் காணோம். பெண் வீட்டில் கூப்பிட்டார்களாம்.

டிசம்பர் 25, வியாழன்

மத்தியானம் சும்மா சுற்றிவரலாம் என்று தெரேசா அன்பியத்துத் தெருவுக்குப் போனேன். பம்புசெட் ரூம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரில் கரியில் போன் நம்பர். சிறுமலை. மழை. குளம். எங்களுடையதைவிட ஒரு அடி பெரிசு. கோணிப்போன தொட்டி அங்கேதான் இருக்கு, ஒரு கோணலும் இல்லாமல்.

நகர முடியாமல் நின்றேன். ஐடியா பரவியிருக்கலாம், யாராவது பார்த்திருக்கலாம் என்று மனசு அவனுக்கு வக்கீல் வேலை பார்த்தது. பல்பு எரிந்தது. வானம் வெளுத்தது. சேவல் கூவியது. ஒரே ஒரு தடவை.

நான் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிய வரி. என் கையாலேயே அனுப்பினேன். பைத்தியக்காரி, சந்தோஷமா வேற அனுப்பினேன்!

ஸ்டான்லி அங்கிள் என்னைப் பார்த்துப் பெருமையாக, "எல்லாம் நம்ம மாப்பிள்ளை ஐடியாம்மா. புரோகிராம்கூட அவரே எழுதுனது" என்றார். சேவியர் பக்கத்தில்தான் நின்றான். சட்டென்று குனிந்து, சரியாக இருந்த பிளக்கைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

டிசம்பர் 26, வெள்ளி

பட்டறைக்குப் போனேன். கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய்க் கத்தினேன்.

"மாமா கேட்டாரு ரெஜி. பொண்ணு குடுக்குறவரு. அவுங்க வீட்ல என்னய வெல்டருன்னுதான் பாக்குறாங்க. ஒரு தடவையாச்சும் மூளைக்காரன்னு நெனைக்கட்டுமேன்னு…"

"அதுக்கு என் மூளையா கெடச்சுச்சு?"

"ஒனக்கு ஆபீஸு இருக்கு, சம்பளம் இருக்கு, பேரு இருக்கு. இது ஒனக்கு வெளையாட்டுத்தான? எனக்கு வாழ்க்கை."

விளையாட்டாம். ஆபீஸில் நான் செய்கிற ஒன்றிலாவது நான் இருக்கிறேனா? இது ஒன்றில்தானே இருந்தேன்! அது இவனுக்குத் தெரியும் என்றுதான் இருபது வருடமும் நம்பினேன். "நாசமாப் போ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், குடிலை இன்டர்நெட் வழியாக ஓட்டும் என் கணக்கில் இரண்டு குடில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாஸ்வேர்டைக்கூட மாற்றாமல் அப்படியே காப்பி எடுத்திருக்கிறான். மாற்றத் தெரிந்தால்தானே! நான் ஒரு பட்டனைத் தட்டினால் அங்கே மழை நின்றுவிடும்.

டிசம்பர் 28, ஞாயிறு

நடுவர்கள் ஃபாதர், ஒரு சிஸ்டர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பத்து மணிக்குத் தெரேசா அன்பியம், பதினொன்றரைக்கு நாங்கள்.

பத்து மணிக்கு மாடியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் பட்டன் மேல். எத்தனை தடவை விரலை எடுத்து எடுத்து வைத்தேனோ. அங்கே விழுவது என் மழை. யார் தெருவில் விழுந்தாலும் நான் பெய்ய வைத்த மழை. நிறுத்தக் கை வரவில்லை.

அந்த வரியைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை; பதினொன்றரைக்கு எங்கள் சேவல் இரண்டு தடவை கூவியது. வாத்தியார் சிரித்தார். "தெரேசா அன்பியத்தப் பாத்துச் செஞ்சீங்களோ? அங்க சேவல் சரியாக் கூவுச்சு. இங்க கொஞ்சம் கோளாறு."

காப்பியில்தானே கோளாறு இருக்கும், அதனால் நாங்கள்தான் காப்பி! ஃபாதர் அதை எழுதிக்கொண்டார்.

இதைக்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் போனதும் மரியசெல்வம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, உண்மையச் சொல்லு, சேவியருகிட்ட இருந்துதான் எடுத்தியா? பொம்பளப்புள்ள ஒத்தையில இம்புட்டும் எழுதிருச்சேன்னு நானே ஆச்சரியப்பட்டேன்" என்றார்.

தெரு முழுக்க அதே பார்வை. எடுத்தது சேவியர்தான் என்று சொன்னால் அவன் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் நான் திருடி. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியல. நெஜமாவே தெரியல.

ஜனவரி 4, ஞாயிறு

கேடயம் தெரேசா அன்பியத்துக்கு. மேடையேறி வாங்கியது சேவியர். எங்களுக்கு ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் தட்டு. அம்மா அதில் வெஞ்சனம் வைத்தாள். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

குடிலைப் பிரித்தாயிற்று. கோயிலில் முதல் ஓலை. "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்." அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தலைவலி என்று பாதியில் வந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

ஆனந்தி வீட்டுக்கு வந்தாள். தனியாக. நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, எங்க ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு அதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்கன்னு கேட்டேன். வேல இருக்குங்கறாரு, கண்ணு வலிங்கறாரு. லேப்டாப்ப ஆன் பண்ணச் சொன்னேன், முழிக்கிறாரு. அந்தக் குடில யாருக்கா செஞ்சது?"

இருபத்தாறு நாளாக இந்தக் கேள்விக்குத்தான் பதில் தயார்செய்து வைத்திருந்தேன். குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஆபீஸ் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன்! இதோ, சம்பந்தப்பட்டவளே வந்து கேட்கிறாள்.

"அவனும் நானும் சேந்துதான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். இரும்பு அவனுடையது, நான் சொன்னது பொய்யுமில்லை. அப்புறம் ஏன் அழுகை வருது?

ஜனவரி 25, ஞாயிறு

மூன்றாம் ஓலை.

ஃபாதர் இரண்டு பேரையும் வாசித்துவிட்டு, "தடை ஏதும் அறிந்தவர்கள்…" என்றார். ஆனந்தி பெண்கள் பக்கம் முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. திரும்பியது சேவியர். ஆண்கள் பக்கத்திலிருந்து கழுத்தைத் திருப்பி, வரிசை வரிசையாகத் தேடி, என்னைக் கண்டுபிடித்துவிட்டான். முகம் வெளிறிக் கிடந்தது. எழுந்துவிடுவேனோ என்று என் முழங்காலைப் பார்த்தான்.

பயப்படுகிறான். என்னைப் பார்த்து.

சொல்வதாக இருந்தால் முன்பே சொல்லியிருக்க மாட்டேனா? காப்பியடித்தவள் என்ற பெயரை ஒரு மாதமாக யாருக்காகச் சுமந்தேன்? அதுகூடத் தெரியவில்லை அவனுக்கு. குடிலை எடுத்தது பெரிசில்லை. இருபது வருசம் கூடவே இருந்திருக்கான், என்னயத் தெரியவே இல்ல அவனுக்கு.

ஓலை முடிந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு மாடிக்குப் போய்ப் பெட்டியிலிருந்து குடிலை ஓட்டிய சர்க்யூட் போர்டை எடுத்துக் கனெக்‌ஷன் கொடுத்தேன். என் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினேன். இரண்டாவது குடிலையும் எடுத்தேன். நூற்றுப் பதினெட்டாவது வரியை அழித்தேன்.

மழையில்லை, குளமில்லை, மலையில்லை. மேஜை மேல் ஒரு பல்பும் ஸ்பீக்கரும்தான். ஓடவிட்டு ஆறு நிமிடம் காத்திருந்தேன்.

சேவல் ஒரு தடவைதான் கூவியது.