காவல்காரனுக்கு இல்லாத விதி

கரமனை, 1933 ஜூன் 4, ஞாயிறு

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டுவிட்டது. காய்ந்தும் காயாததுமாக வடாம் எல்லாவற்றையும் உள்ளே வாரிப் போட்டாயிற்று.

இன்று வாசல் அறையில் வெள்ளக் கமிட்டி கூடியது. மராமத்து இலாகாவில் பெரிய இன்ஜினீயராக இருந்து பென்ஷன் வாங்கியவர் என்று சர்க்கார் எங்காத்துக்காரரை, இவரைத் தலைவராக நியமித்து இரண்டரை வருஷம் ஆகிறது. இவரைத் தவிர நாலு பேர்: எங்கள் தெரு வக்கீல் வெங்கடசுப்ரமணியன், ஆற்றோரத்துத் தாழ்ந்த சந்தில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் சத்தியநேசன், ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு தென்னந்தோப்புக்காரர். சத்தியநேசன்தான் காரியதரிசி. கிறிஸ்தவ வேதக்காரர் அக்கிரகாரத்து வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்காருவதா என்று தெரு முதலில் முணுமுணுத்தது. "கமிட்டிக்கு ஜாதி கிடையாது" என்று இவர் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்.

காபி கொடுத்து அரை நாழிகை ஆகவில்லை. "விஜயம், காபி ஏன் இன்னும் வரலை?" என்று குரல். காலி டம்ளர் இவர் முன்னாலேயே இருந்தது. மற்றவர்கள் குனிந்து காகிதத்தைப் புரட்டினார்கள். நானும் இன்னொரு தடவை கலந்து கொண்டுபோய் வைத்தேன்.

மறதி யாருக்குத்தான் இல்லை?

ஜூன் 9

மழை. மழை. பாத்திரம் துலக்க வருகிறவள்கூட வரவில்லை.

ஜூன் 10

சாயங்காலம் ஷட்டர் காவல்காரன் ராஜமணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். ஆறு பொங்கினால் தண்ணீர் வாய்க்கால் வழியே திரும்பித் தாழ்ந்த சந்துக்குள் ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பலகை ஷட்டர். தலைவர் சொல்லாமல் அதை யாரும் தொடக்கூடாது.

"எஜமானே, ஆத்துல வெள்ளம் ஏறுது. ஷட்டரை இறக்கிரட்டுமா?"

"வேண்டாம். வயல் எல்லாம் காயறது. திறந்தே இருக்கட்டும்."

அவன் திகைத்து நின்றான். இன்னொரு தடவை கேட்டான். இவர் அதட்டினார். போய்விட்டான்.

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டேன். எந்த வயல்? இங்கே வயல் ஏது? இருபது வருஷத்துக்கு முன் நாஞ்சில்நாட்டில் கால்வாய் வேலை பார்த்தபோதுதான் வயல், வயல் என்று அலைந்தார். கேட்கலாமா என்று நினைத்தேன். இன்ஜினீயர் அவர். எனக்கு என்ன தெரியும் என்று அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 11

விடியும்போது தாழ்ந்த சந்தில் இடுப்பளவு தண்ணீர். ஏழெட்டு மண்சுவர்கள் விழுந்தன. சத்தியநேசனின் தாயார் ஞானபாய் மேல் சுவர் சாய்ந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. பகவானே.

ஜூன் 13

அவசரக் கூட்டம். "காவல்காரன் என்னிடம் வரவே இல்லை" என்கிறார் இவர். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே ஞாபகம் இல்லை.

ராஜமணியை அங்கேயே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 14

மத்தியானம் இவர் தூங்கும்போது சத்தியநேசன் வந்தார். வாசல்படியிலேயே நின்றார்.

"அம்மா, ராஜமணி சத்தியம் பண்ணிச் சொல்லுதான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் இங்க வந்தானா?"

"எனக்குத் தெரியாது. நான் உள்ள இருந்தேன்."

அவர் "சரி அம்மா" என்றார். தாயார் எப்படி இருக்கிறார் என்றுகூட நான் கேட்கவில்லை. என் வாய் எப்படித் தைரியமாக அந்தப் பொய்யைச் சொல்லிற்று? யாருக்காகச் சொன்னேன்? இவருக்காகவா? இன்ஜினீயர் ஆத்துக்காரி என்கிற பேருக்காகவா?

ஜூன் 22

காலையில் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து வாசலில் நிற்கிறார். "வண்டி வரலையா? நாகர்கோவில் காம்ப்புக்கு நேரமாச்சு."

"இன்னிக்கு லீவு" என்றேன். நம்பி உள்ளே வந்தார். குழந்தை மாதிரி நம்பினார். கிணற்றடியில் போய் அழுதேன்.

ஜூலை 2

கமிட்டியின் விதிகளை எடுத்துப் படித்தேன். இவர் எழுதிக் கொடுத்து, அதிகம் மாற்றாமல் சர்க்கார் அச்சடித்தது. நியமனம் மூன்று வருஷத்துக்கு. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர், திவாலானவர் என்று தீர்ப்பானவர், தண்டனை பெற்றவர், கமிட்டி வேலைகளில் சொந்த லாபம் உள்ளவர், உடலாலோ புத்தியாலோ கடமை செய்ய இயலாமல் போனவர் — இவர்களை நீக்கலாம். மற்ற உறுப்பினர்களில் மூவர் கை தூக்க வேண்டும். ஆனால் சம்பந்தப்பட்டவரை நேரில் வைத்து, அவர் சொல்வதைக் கேட்காமல் நீக்கக் கூடாது.

இந்தக் கடைசி வரிக்காக இவர் ஜில்லா அதிகாரி பேஷ்காரிடம் எவ்வளவு வாதாடினார்! "திருடனைக்கூடக் கேட்டுத்தானே ஜெயிலுக்கு அனுப்பறா" என்பார்.

அந்த விதி உறுப்பினருக்குத்தான். காவல்காரனுக்கு இல்லை.

ஜூலை 9

வக்கீலை வரவழைத்து மறதியைப் பற்றி மட்டும் சொன்னேன். ராஜமணி வந்ததைச் சொல்ல நா எழவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "எல்லாருக்கும் தெரியும் மாமி."

"பின்னே?"

"மகரத்துல, தை மாசம், பதவிக்காலம் முடியறது. அதுவரைக்கும் ஓட்டிடலாம். இப்போ கிளப்பினா மாமாவுக்கு அவமானம். தலைவர் பதவியும் நம்ம தெருவை விட்டுப் போயிடும், கேட்டேளா?"

"ஐப்பசியில துலாமழை அதுக்கு முன்னால வருமே?"

"எல்லா வருஷமும் வெள்ளம் வராது மாமி."

மாமாவுக்கு அவமானம் என்றதும் நானும் வாயை மூடிக்கொண்டேன். அதுதானே நான் கேட்க ஆசைப்பட்ட பதில்.

ஜூலை 23

ராஜமணி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டானாம். ஊரைத் தண்ணீரில் முக்கினவன் என்று இங்கே யாரும் வேலை கொடுக்கவில்லை. அவளுக்கு ஏழு மாசம். பாத்திரம் துலக்குகிறவள் சொல்லிக்கொண்டே போனாள். அட்டைக்கடியிலும் குளிரிலும் அந்தப் பெண் என்ன பாடுபடுவாள்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்—

சொல்லணும். சொல்லத்தான் வேணும். எப்படிச் சொல்றது?

ஜூலை 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அறைக்குள் போய் நின்றேன். கையில் காபி இல்லாததைப் பார்த்து எல்லோரும் நிமிர்ந்தார்கள். "ராஜமணி அன்னிக்கு வந்தான். ஷட்டரை இறக்கட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டான். இவா வேண்டாம்னு பதில் சொன்னா. நான் கதவண்டை நின்னு கேட்டேன்." சத்தியநேசன் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட நான் பொய் சொன்னேன்" என்றேன்.

வக்கீல், "மாமி, நீங்க உள்ள போங்கோ" என்றார்.

இவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "விஜயம், நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்னேள்."

"என்ன காரணம் சொன்னேன்?"

"வயல் காயறதுன்னேள்."

கமிட்டி நோட்டை இழுத்து மெள்ளப் புரட்டினார். மறந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு, "அப்போ அவனை ஏன் நீக்கினோம்?" என்றார். சத்தியநேசன் பேனாவைக் கீழே வைத்தார். இவரே மேலே பேசினார்:

"புத்தியால் இயலாதவர்னு ஒரு விதி இருக்கு. நான்தான் எழுதினேன். கேட்காம நீக்கக் கூடாது. இப்போ கேட்டாச்சு. எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லை. கை தூக்குங்கோ."

தோப்புக்காரர் தூக்கினார். வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்கினார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சத்தியநேசன் கை மேலே வரவே இல்லை. தாயார் இன்னும் படுக்கையில் கிடக்கிறாள், அவர் கை எழவில்லை! "சார், என்னால…" என்றார்.

"தூக்கும் ஓய். உம்ம சந்துதானே முழுகித்து."

தூக்கினார். இவரே எண்ணிச் சொன்னார்: "மூணு. போதும்." நாற்காலியை விட்டு எழுந்து, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

ஜூலை 31

பேசவில்லை. நான் பரிமாறியதைச் சாப்பிட்டார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3

தெருவில் பெண்டுகள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். புருஷனைச் சபையில் பைத்தியமாக்கியவள். இருக்கட்டும்.

இவர் பேசாமல் இருப்பது கோபமா, அல்லது நடந்ததே மறந்துபோய்விட்டதா? எது நல்லது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19

சர்க்கார் உத்தரவு வந்தது. சத்தியநேசன் தலைவர். இவர் இடத்தில் வேறொருவரை நியமிப்பார்களாம். உத்தரவை இவரே வாங்கி உரக்கப் படித்தார். "நல்ல மனுஷன்" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 10

சத்தியநேசன் தானே மலைக்குப் போய் ராஜமணியை அழைத்து வந்தார். பழைய வேலையே கொடுத்தாயிற்று. பெண் குழந்தை, மலையிலேயே பிறந்ததாம். எங்கள் வாசல் வழியாகத்தான் ஷட்டருக்குப் போகிறான். தலையைத் திருப்புவதில்லை. திருப்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

அக்டோபர் 21

துலாமழை. ஆறு ஜூனைவிடப் பெரிதாக வருகிறதாம். ஷட்டரை மத்தியானமே இறக்கிவிட்டார்கள்.

அக்டோபர் 22, ஞாயிறு

சந்துக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை.

சாயங்காலம் மழை விட்டதும், "வா, ஆத்தைப் பார்த்துட்டு வரலாம்" என்றார். ஏறக்குறைய மூன்று மாசம் கழித்து என்னிடம் இவராகப் பேசிய முதல் பேச்சு. கரையில் சத்தியநேசன் குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்து, எத்தனை அடி ஏறியது, எப்போது இறக்கினார்கள் என்று மேலதிகாரியிடம் சொல்வதுபோல் சொன்னார். இவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "சரி, நீங்க பார்த்துக்கோங்கோ" என்றார்.

திரும்பும்போது தெருமுனையில் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நாற்பது வருஷமாக நடக்கும் தெரு. என்னைக் கேட்கவும் இல்லை. பேசாமல் காத்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் இவருக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறேன். இன்று நான் முன்னால் நடந்தேன். இவர் பின்னால் வந்தார்.